மரியாதையாகப் பேசும் வியாழக்கிழமைகள்

செப்டம்பர் 6, வியாழன்

போய்விட்டு வந்தேன். ஜோலீனுக்காக. பெற்ற மகள் எனக்கு நிபந்தனை போடுகிறாள். "தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு நாங்க வரணும்னா, நீ முதல்ல மனுஷங்களோட பேசக் கத்துக்கோம்மா." போன வருடம் விருந்தில் மருமகன் கைலை முட்டாள் என்று சொல்லிவிட்டேனாம். வான்கோழியை வெட்டிக்கொண்டே, பூமி சூடாகிறது என்பதெல்லாம் கட்டுக்கதை என்றான். வேறு என்ன சொல்வதாம்?

நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடுகிறார்கள். அரசியலையும் மதத்தையும் மரியாதையாக விவாதிக்கும் குழு. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, சட்டையில் பெயரை எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். அதுவும் இந்த ஊரில்! கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இவர்களில் பாதிப் பேருடைய விவாகரத்தைப் பதிவு செய்ததே நான்தான்.

நடத்துகிறவள் பெயர் கோர்ட்னி. வெளியூர்ப் பெண், முப்பது வயதிருக்கும். யாராவது குரலை உயர்த்தினால் சின்ன மணி ஒன்றை அடிக்கிறாள், பூனையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல. "நீங்கள்" என்று ஆரம்பிக்கக் கூடாதாம். "எனக்கு என்ன தோணுதுன்னா" என்றுதான் ஆரம்பிக்க வேண்டுமாம். இங்கே பேசுவது இங்கேயே இருக்க வேண்டும் என்பது முதல் விதி. பல் டாக்டர் கார்டன் இந்த வித்தையில் கரைகண்டவர். யார் எதைச் சொன்னாலும் நெஞ்சில் கை வைத்து, "நீங்க சொல்றது அப்படியே எனக்குள்ள இறங்குது" என்கிறார். பல்லைப் பிடுங்கும்போது "வலிக்காது" என்பாரே, அதே குரல்.

செப்டம்பர் 13

பள்ளிக்கூடக் கால்பந்தாட்டத்துக்கு முன்னால் ஜெபம் செய்யலாமா, கூடாதா. ஒன்றரை மணி நேரம். முடிவில் எல்லோரும் எல்லோருடைய கருத்தையும் மதித்தார்கள். வாழைப்பழ ரொட்டி காய்ந்து போயிருந்தது.

செப்டம்பர் 20

இன்று வெண்டல் ஸ்ட்ரூப் வந்தான். பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவன். விதைச்சோளம் விற்கிறான். பாப்டிஸ்ட் கிறிஸ்தவ சபையில் மூப்பர், அதாவது சபையை நடத்தும் பெரியவர்களில் ஒருவன். சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் வழி கேட்டால் நம் மாவட்டச் சாலைக்குச் சொல்வதுபோல் சொல்வான். எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பது உட்பட.

"நீ சொல்றது தப்பு, ஆர்டித்" என்றான். மணி அடித்தது. "உனக்கு மூளையே இல்லை, வெண்டல்" என்றேன். மறுபடியும் மணி. மற்றவர்கள் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அறையில் உயிரோடு இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அதை எழுதவே பிடிக்கவில்லை.

ஏன் பிடிக்கவில்லை? என் தம்பி லைல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டபோது, அவன் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று வெண்டலின் சபைப் பிரசங்கியார், "இப்படிப் போனவனுக்கு நாம் ஜெபித்துப் பயனில்லை" என்றார். அந்த மனிதர் செத்தாயிற்று. அன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த வெண்டல் இருக்கிறான். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு நான் எந்தச் சபைக்குள்ளும் கால் வைக்கவில்லை.

செப்டம்பர் 27

துப்பாக்கிச் சட்டம். கார்டனுக்குள் எல்லாம் இறங்கியது. எத்தனைதான் கொள்ளுமோ அந்த மனிதருக்குள்.

அக்டோபர் 4

எழுதிவிட வேண்டும்.

தலைப்பு: மரணத்துக்குப் பின் என்ன. வெண்டல் வழக்கம்போல் அளந்துகொண்டிருந்தான். மார்லிஸ் என்று ஒருத்தி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மூன்று வாரமாக வருகிறாள், வாயே திறந்ததில்லை. இன்று திறந்தாள்.

"என் பையன் போன மார்ச்ல தானாவே போயிட்டான். அவன் இப்ப எங்க இருக்கான், வெண்டல்? மத்தவங்களைக் கேக்கல. உங்களைத்தான் கேக்கறேன். உங்களுக்குத்தான் எல்லாம் நிச்சயமாத் தெரியுமே."

நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். சொல்லட்டும். அன்று அந்தப் பிரசங்கியார் சொன்னதை இவன் வாயாலேயே சொல்லட்டும். அப்புறம் இருக்கிறது அவனுக்கு.

அவன் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எனக்குத் தெரியலம்மா" என்றான்.

அவ்வளவுதான்.

நான் எழுந்து நின்று கத்தினேன். "தெரியலையா? போன வாரம் வரைக்கும் தெரிஞ்சுதே! என் தம்பி பெட்டிக்கு முன்னாடி உக்காந்து தலையாட்டினியே, அன்னிக்குத் தெரிஞ்சுதே! கோழை! சொல்லுடா இவ மூஞ்சியைப் பாத்து!"

மணி அடித்துக்கொண்டே இருந்தது. மார்லிஸ் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 5

கோழை. கோழைதான்.

மார்லிஸ் தன் கையுறையை மேஜை மேல் மறந்துவிட்டுப் போயிருந்தாள். நான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் — பார்த்தால் பார்க்கட்டும். அந்தக் கூட்டத்தின் மதிப்பு யாருக்கு வேண்டும்?

அக்டோபர் 9

கோர்ட்னியும் கார்டனும் வீட்டுக்கு வந்தார்கள். கையில் பூசணி ரொட்டி, மேலே ரிப்பன்.

"உங்களை நாங்க வெளியேத்தல, ஆர்டித். உங்களுக்கு ஒரு இடைவெளி கொடுக்கறோம்" என்றாள் கோர்ட்னி.

"எவ்வளவு நாளைக்கு?"

"அதை நாங்க திறந்த மனசோட விட்டிருக்கோம்" என்றார் கார்டன்.

"கோர்ட்ல அதுக்கு ஆயுள் தண்டனைன்னு பேரு, டாக்டர்."

"உங்க கோபம் எனக்குள்ள அப்படியே—"

"இறங்க வேண்டாம். படியில இறங்குங்க, போதும்."

போகும்போது கேட்டேன், மார்லிஸ் எப்படி இருக்கிறாள் என்று. கார்டு அனுப்பியிருக்கிறார்களாம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்களாம். அட, என்ன பெரிய மனசு.

ரொட்டியைக் குப்பையில் போடத்தான் நினைத்தேன். நன்றாக இருந்தது. அது இன்னும் எரிச்சல்.

அக்டோபர் 13, சனி

மளிகைக்கடை வாசலில், கார்கள் நிறுத்துமிடத்தில், வெண்டல் வழிமறித்தான்.

"உனக்கு இப்ப சந்தோஷமா?"

"எதுக்கு?"

"மூப்பர் பொறுப்புல இருந்து என்னை எடுத்துட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் எடுக்க வேணாமாம். நரகம் இருக்கான்னு கேட்டதுக்குத் தெரியலைன்னு சொல்லிட்டேனாம். உங்க வட்டத்துல இருந்து யாரோ போய்ச் சபையில சொல்லியிருக்காங்க."

முதல் விதி! மரியாதையாகக் கேட்டு, மரியாதையாகத் தலையசைத்து, மரியாதையாகப் போட்டுக்கொடுத்திருக்கிறது ஒரு புண்ணிய ஆத்மா. யார் என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு பேரில் யாராக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

"நம்பறதைச் சொல்ல வேண்டியதுதானே? ஏன் சொல்லல?" என்றேன்.

"நாப்பது வருஷமா நம்பறேன். அந்தப் பொம்பளை மூஞ்சியைப் பாத்ததும் வாயில வரல." தொப்பியைக் கழற்றினான். பிறகு, "லைலை அடக்கம் பண்ணின அன்னிக்கு உன் மூஞ்சியை நான் பாக்கல, ஆர்டித். குனிஞ்சே உக்காந்திருந்தேன். தலையாட்டினேன்னு சொல்றியே, ஆட்டல. எழுந்து போயிருக்கணும். அதையும் செய்யல."

ஐஸ்கிரீம் உருகுகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் ஐஸ்கிரீம் வாங்கவே இல்லை. என்ன மாதிரி பதில் அது?

அக்டோபர் 17

பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், மஞ்சள் பேருந்தை அப்படியே என் வீட்டு வாசலில் நிறுத்தினாள் மார்லிஸ். எதிர்வீட்டுத் திரை அசைந்தது. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"நான் கேட்டது அவரை. உங்களை யாரு கேட்டா?"

"அவன் பொய் சொல்றான்னு நான்—"

"கொஞ்சம் பேசாம இருக்கீங்களா? என் பிள்ளையை நடுவுல போட்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்தீங்க. அவர் அவரோட சாமிக்காக. நீங்க உங்க தம்பிக்காக. மத்தவங்க கார்டு அனுப்பிட்டாங்க, 'உங்கள் இழப்பு'ன்னு. அவன் பேர் என்னன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

அப்போதுதான் கேட்டேன்.

"டேரன்."

போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். படியில் உட்கார்ந்தாள். "டிராக்டர் இன்ஜினைக் கண்ணை மூடிட்டுப் பிரிப்பான். பீன்ஸைத் தொட மாட்டான். தட்டுல இருந்தாலே எழுந்து போயிடுவான், கழுதை." பக்கத்தில் உட்கார்ந்தேன். மரியாதையாக ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை.

அக்டோபர் 18, வியாழன்

எங்கும் போகவில்லை. டேரன்.

நவம்பர் 8, வியாழன்

மார்லிஸுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பு வேணாம், காபி வாங்கிக் கொடுங்க" என்றாள். வெண்டலையும் கூப்பிடச் சொன்னது அவள்தான். சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டே கூப்பிட்டேன்.

ஆக, நெடுஞ்சாலை உணவகத்தில் மூன்று பேர். தேர்தல் முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது. வெண்டல் ஓட்டுப் போட்ட ஆளை நான் ஒரு வெறும் காற்றடைத்த பை என்றேன். நான் ஓட்டுப் போட்டவளைப் பற்றி அவன் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். பக்கத்து மேஜையில் ஆட்கள் சாப்பிடுகிறார்கள் என்று பரிமாறும் பெண் வந்து சொல்லிவிட்டுப் போனாள். நான் வாயை மூடினேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? கத்துங்க" என்றாள் மார்லிஸ். "நீங்க ரெண்டு பேரும் கத்தறப்பதான் யாரும் என்னைப் பாவமாப் பாக்கறதில்ல."

கத்தினோம். அவள் வயிறு நிறைய ஆப்பிள் பலகாரம் சாப்பிட்டாள்.

வெண்டல் இன்னும் அந்தச் சபைக்குத்தான் போகிறான். கடைசி வரிசையில் உட்காருகிறானாம். துரத்தின இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகிற ஜென்மத்தை என்ன சொல்வது?

நவம்பர் 22, வியாழன்

ஜோலீனும் கைலும் வந்தார்கள். இப்போதெல்லாம் வியாழக்கிழமை எங்கள் மூவருடைய நாள் என்பதால் மார்லிஸும் வெண்டலும் வந்தார்கள். பீன்ஸ் செய்யவில்லை.

கைல் ஆரம்பித்தான், வெளியே இவ்வளவு பனி கொட்டுகிறதே, பூமி எங்கே சூடாகிறது என்று. ஜோலீன் என்னையே பார்த்தாள். "அதைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதை அப்புறம் சொல்றேன், கைல். கிழங்கை இந்தப் பக்கம் தள்ளு" என்றேன். "சொல்லுங்க அத்தை, கேட்டுக்கறேன்" என்றான் பாவி. கேட்டுக்கொள்ளவும் செய்தான். புரிந்திருக்காது.

அப்புறம் வெண்டல், யாரும் கேட்காமலேயே, லைலைப் பற்றி எடுத்தான். இரண்டு பேரும் ஒரு கோடையில் தானியக் கிடங்கில் வேலை பார்த்தார்களாம். ஒருநாள் லைல் தன் பச்சை லாரியைப் பிரேக் போடாமல் நிறுத்திவிட்டுப் போக, அது தானாக உருண்டு ஷெரிஃப் வீட்டுத் தக்காளித் தோட்டத்தில் போய் நின்றதாம். என் வீட்டு மேஜையில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. லைல் போனபோது ஜோலீன் சின்னப் பெண்.

"அப்புறம்?" என்றாள் அவள். வெண்டலைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

சொன்னேன். தக்காளியை, ஷெரிஃபின் மனைவி துடைப்பத்தோடு துரத்தியதை, லைல் சிரித்துக்கொண்டே மரத்தில் ஏறிக்கொண்டதை. மார்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஜோலீன் இன்னும் கேட்டாள். இன்னும் சொன்னேன். பாத்திரமெல்லாம் கழுவாமல் அப்படியே கிடக்கிறது.

வெண்டலுக்கு ஞாபகசக்தி என்பது துளியும் கிடையாது. லாரி பச்சை இல்லை, நீலம். புகைப்படம் மாடியில் எந்தப் பெட்டியிலோ இருக்கிறது. தேடி எடுத்து அவன் மூக்குக்கு நேராகப் பிடிக்கிறேன்.