பலகையில் மிஞ்சிய சீட்டு

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? ஊசிக்குப் பயந்து டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதே. நான் நலம். இந்த டெக்சாஸ் கடலோரத்தில் என்னைவிடக் கொசுக்கள்தான் நன்றாகச் சாப்பிடுகின்றன.

போன வாரம் ஒரு வேடிக்கை. காட்டுப்பன்றி வேட்டைக்கு வருகிறவர்கள் நான் காவல் பார்க்கும் சதுப்புநிலக் காப்பகத்தின் வாசல் பலகையில் பெயர்ச்சீட்டை மாட்டிவிட்டு உள்ளே போவார்கள், திரும்பும்போது கழற்றிக்கொள்வார்கள். சனிக்கிழமை சாயங்காலம், நண்பரின் வண்டியில் வந்த டாலிவர் என்பவரின் சீட்டு மட்டும் மிஞ்சியது. நானும் என்னோடு வேலை செய்யும் பாய்டும் சதுப்போரம் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தினோம்.

கோரைக்குள்ளிருந்து, "இங்கதான் இருக்கேன்" என்று பதில் வந்தது.

சேற்றில் இறங்கிக் குரலை நோக்கி நடந்தோம். பாதியில் பாய்டின் போன் அடித்தது. டாலிவர்தான். "மன்னிச்சுக்கப்பா, சீட்டை எடுக்க மறந்துட்டேன். வீட்ல உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கேன்."

பாய்ட் என்னைப் பார்த்தான். "அப்ப அது யாருடா?"

படகும் நாய்களுமாக இரண்டு நாள் தேடினார்கள். யாரும் இல்லை, காணாமல் போனதாகப் புகாரும் இல்லை. "பன்னி கத்தியிருக்கும், விடுடா" என்கிறான் பாய்ட். ஆனால் அந்தப் பக்கம் அவன் போவதில்லை.

நீ கவலைப்படாதே. அப்பாவின் பெரிய டார்ச்சும் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனில் கொஞ்சம் கூடுதலாகப் பேசு, எதைப் பற்றியாவது.

வாசலைப் பூட்டும் நேரமாகிவிட்டது. 'எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமையிலிருந்து தினமும் பொய்தான் எழுதுகிறேன், அம்மா.

உன் லான்னி