இத்துடன் ஒரு மாற்றுப் படிவம்

அன்புள்ள சிட்டு,

நானும் அப்பாவும் சுகம், அவர் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீயும் சுகம் என்று நம்புகிறேன், போனில்தான் "நல்லா இருக்கேம்மா" என்பதற்கு மேல் உனக்கு வாயே திறக்காதே.

எங்கள் ஓய்வூதிய நிதிக் கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து என்று கேட்டாயே, இத்தனை வருஷம் அந்தச் சம்பளத்தில் சாப்பிட்டுவிட்டு இப்போதாவது கேட்டாய், சந்தோஷம். ஒவ்வொருவர் சேமிப்பிலும் வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்று எடுத்துக்கொள்கிறோம். முதலீடு ஏறினாலும் இறங்கினாலும் எங்கள் பங்கு வந்துவிடும், நட்டமெல்லாம் சேமித்தவருக்கு. ஒன்றுதானே என்று தோன்றும், ஆனால் நாற்பது வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கை அது தின்றுவிடும். இப்போது எதிர்வரிசையில் ஒரு கம்பெனி வந்து அரைதான் எடுப்போம் என்கிறது, சேருகிறவர்களுக்கு இலவசமாகக் குடை வேறு. அரசாங்கமும் கட்டணத்தைக் குறை என்று நெருக்குகிறது. அதனால் எங்களுக்கு ஒரு உத்தரவு: விலக வருகிறவரிடம் மூன்று காரணம் சொல்லித் தடுத்துப் பார்த்த பிறகே, பணத்தை வேறு கம்பெனிக்கு மாற்றும் படிவத்தைக் கொடுக்க வேண்டும். ஆள் குறைந்தால் கிளையையே மூடிவிடுவார்கள், எனக்கோ ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா வந்தார், வெல்டிங் வேலை, கையெல்லாம் பொறி பட்ட தழும்பு. முதல் காரணம் சொன்னேன், இரண்டாவதும் சொன்னேன். மூன்றாவதுக்கு முன்னால் அவர் நிதானமாக, "உங்க பிள்ளை பணமா இருந்தா இங்கேயே விட்டு வைப்பீங்களா?" என்றார். உன் முதல் சம்பளத்திலேயே உன்னை இங்கே சேர்த்தது நான்தானே, அந்த மாசம் நான் ஆள் சேர்த்த கணக்கில் ஒரு தலை கூடட்டும் என்று. வெட்கமாக இருந்ததடா. படிவத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மேனேஜர் எழுத்தில் விளக்கம் கேட்டார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மாதிரி, காரணம் சொல்லி ஆளைப் பிடித்து வைக்க முடியாது, கட்டணத்தைக் குறையுங்கள் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சும்மா இருக்கத் தெரியாதா என்று அப்பா மூன்று நாள் முனகினார். நேற்று தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அடுத்த வருஷம் முதல் கட்டணம் ஒன்றிலிருந்து முக்காலாகக் குறைகிறது, எங்களுக்குச் சம்பள உயர்வு கிடையாது, கிளை இருக்கும், நானும் இருப்பேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனாலும் முக்காலை விட அரை குறைவுதானே. படிவம் இத்துடன் இருக்கிறது. என் முகத்தைப் பார்க்காமல் நீயே கணக்குப் போட்டு முடிவு செய். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மாறுவதானால் மாசக் கடைசிக்குள் அனுப்பிவிடு. விலகும் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் அம்மா சொன்னாள் என்று எழுது.

உன்,
அம்மா