சுவரில் ஒட்டிய அட்டை

6 ஜூன்

அன்பு அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். 'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பத்திரமாக வந்து சேர்ந்தேன். வந்ததுமே எல்லோருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தருவார்களாம். அந்த ஒரு மணி நேரத்தையும் அம்மாவே பேசித் தீர்த்துவிடுவாள். அவள் பக்கத்தில் இருக்கும்போது நீயும் நானும் என்னத்தைப் பேசுவது? அதனால்தான் கடிதம்.

நாங்கள் மொத்தம் பதினாலு பேர். எல்லோருமே என்னைப் போல இப்போதுதான் நடிக்க வந்தவர்கள். பன்னிரண்டு வாரப் பட்டறையில் எட்டு வாரம் நாடகத்தை உருவாக்கி, மீதி நாளில் ஊர் ஊராகப் போய் நடிக்க வேண்டும். முடியும்போது ஒருவரை மட்டும் தங்கள் குழுவில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

ஒத்திகை எங்கே நடக்கிறது தெரியுமா? தண்ணீர் இல்லாத நீச்சல் குளத்தில். மூடிப்போன ஒரு விளையாட்டுக் கழகத்தை இவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஏணி வழியாகக் குளத்துக்குள் இறங்கி நின்று பேசினால், குரல் நீலச் சுவரில் பட்டு நாலு மடங்காகத் திரும்பி வருகிறது. என் குரல்தான் கணீரென்று இருக்கிறது என்று முதல் நாள் பூரித்துப் போனேன். அப்புறம் பார்த்தால் எல்லோர் குரலும் அப்படித்தான் கேட்கிறது.

கையில் எழுதி வைத்த நாடகம் எதுவும் கிடையாது. நாங்களே கூடிப் பேசி, நடித்துப் பார்த்து, கூட்டாகச் செய்ய வேண்டும். நடத்துகிறவரை டீச்சர் என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறோம். "இங்க என்னோடதுன்னு எதுவும் கிடையாது, எல்லாம் நம்மளோடது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஒரு நெட்டைப் பெண் இருக்கிறாள். நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள். அவள் சும்மா மூச்சு விட்டாலே எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் நாலு நாளாகத் தொண்டை கிழியப் பேசுகிறேன், ஒருத்தரும் திரும்பவில்லை. பார்ப்போம்.

பதில் போடு. சோம்பேறித்தனம் பண்ணாதே.

உன்
வாலு

14 ஜூன்

என் செல்ல வாலு,

யாரைச் சோம்பேறி என்கிறாய்? கண்ணாடிக் கடையில் காலையிலிருந்து நின்றுவிட்டு வந்து, சமைத்து, அம்மாவின் கால் வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆகஸ்டில் உங்கள் நாடகம் நம் ஊர் அரங்கத்துக்கும் வருகிறதாமே. பேக்டரியில் தன்னோடு பொட்டலம் கட்டுகிறவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வரப்போகிறாளாம். "என் சின்னப் பொண்ணு மேடை ஏறப்போறா" என்று பால்காரரிடம்கூடச் சொன்னாள். அந்த மனுஷன் எந்த மேடை, என்ன தேர்தல் என்று கேட்டார்.

அப்பாவின் கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். அம்மா விடவில்லை. அவர் போய் ஆறு மாதம்தானே ஆகிறது, இருக்கட்டும் என்கிறாள். நான் அந்த அறைக்குள் போவதே இல்லை. நீ கிளம்புவதற்கு முன்னால் உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேனே, அதற்கு அப்புறம்தான் எனக்குக் கொஞ்சமாவது தூக்கம் வருகிறது. நீ ஒருத்தி இல்லையென்றால் எனக்கு நெஞ்சு வெடித்திருக்கும்.

அந்த நெட்டையைப் பற்றிக் கவலைப்படாதே. உயரமாக இருந்தால் எல்லோரும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள், அதில் என்ன திறமை இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
அக்கா

2 ஜூலை

அன்பு அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

இரண்டாவது வாரம் ஒரு பயிற்சி வைத்தார்கள். ஒவ்வொருத்தரும் வீட்டிலிருந்து ஓர் உண்மையைக் கொண்டுவர வேண்டும். வட்டமாக உட்கார்ந்து அதைச் சொல்லி, அட்டையில் எழுதி, குளத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். நான் முதலில் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்ததைச் சொன்னேன். ஒருத்தன் கொட்டாவி விட்டான். அடுத்த நாள் வேறொன்று சொன்னேன். "இன்னும் உள்ள போ" என்றார் டீச்சர். மூன்றாவது நாள் எல்லோரும் சொல்லி முடித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உன்னுடையதைச் சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன் அக்கா. அப்பா கை கால் ஒரு பக்கம் விழுந்துபோய்ப் படுத்த நாலு வருஷத்தில், நீ ஒரே ஒரு மத்தியானம் கதவைப் பூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போனதை. வந்து பார்த்தபோது அவர் குளியலறை வாசலில் நினைவில்லாமல் கிடந்ததை. மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்தேன் என்று அம்மாவிடம் சொன்னதை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "விழுந்து எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டபோது, நீ வெளியே போயிருந்த மூன்றரை மணி நேரத்தை மறைத்து, "அரை மணி நேரம்" என்று சொன்னதை. மூன்றாம் நாள் அப்பா போனதை.

நெட்டை அழுதாள். டீச்சர் ஏணியிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இங்கே வந்து முதல் தடவையாக என்னை எல்லோரும் பார்த்தார்கள்.

இப்போது அதுவே நாடகமாகிவிட்டது. யார் வீட்டுக் கதை என்று வெளியே சொல்ல மாட்டார்கள். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாலு

7 ஜூலை

வாலு,

உன் கடிதத்தைக் கடைக்குப் பின்னால், லென்ஸ் தேய்க்கிற இடத்தில் நின்று படித்தேன். அதற்கு அப்புறம் ஒரு பெரியவருக்கு வலக்கண் லென்ஸை இடக்கண்ணில் மாட்டிக் கொடுத்துவிட்டேன். முதலாளி எல்லோர் முன்னாலும் கத்தினார்.

திட்டப் போவதில்லை. திட்டி என்ன ஆகப்போகிறது? ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்த அட்டையை எடுத்துவிடு. சண்டை போட்டாவது எடு, காலில் விழுந்தாவது எடு. எல்லாம் நம்மளோடது என்று உங்கள் டீச்சர் சொல்லட்டும். இது அவர்களுடையது இல்லை. உன்னுடையதும் இல்லையடி. அன்றைக்குக் கதவைப் பூட்டியது நான்.

நாலு வருஷம் அப்பாவுக்கு ஊட்டினேன், துடைத்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன். அதில் ஒரு நாள்கூட உன் அட்டையில் வரவில்லையா?

அக்கா

19 ஜூலை

அக்கா,

கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். இது என் அக்காவின் விஷயம், வேண்டாம் என்று சொன்னேன்.

ஒரு முழு நாள் இதைப் பற்றியே பேசினோம். சிலர் விட்டுவிடலாம் என்றார்கள். "இதை எடுத்துட்டா நாடகத்துல என்ன இருக்கு?" என்றான் ஒருத்தன். நெட்டை மட்டும், "அவங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்கிறாளே என்று.

கடைசியில் டீச்சர் சொன்னார்: "நீ வேண்டாம்னா நிறுத்திடலாம். கட்டாயம் கிடையாது. ஆனா இருக்கிற நாளுக்குள்ள புதுசா ஒண்ணு செய்ய முடியாது. பயணத்தை ரத்து பண்ணணும். நீதான் சொல்லணும்."

பதிமூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். அதில் ஒருத்தி வேலையை விட்டுவிட்டு வந்தவள். இன்னொருத்தன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவன். நான் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

சிலதை மாற்றியிருக்கிறோம். அப்பாவை மாமனாராக ஆக்கியாயிற்று. சினிமா இல்லை, தோழி வீட்டுக்குப் போகிறாள். ஆனால் டாக்டர் கேட்கிற இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த இடத்தில்தான் ஒத்திகையில் எல்லோரும் அழுகிறார்கள்.

உன் பாத்திரத்தை நெட்டைக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வரி வசனம்.

ஆகஸ்ட் 16 நம் ஊரில் நாடகம். எப்படியாவது அம்மாவை வரவிடாமல் பார்த்துக்கொள் அக்கா.

வாலு

24 ஜூலை

வாலு,

அம்மா எட்டுப் பேருக்குச் சீட்டு வாங்கிவிட்டாள். கால் வீங்கியிருக்கிறது, அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்றேன். "தவழ்ந்தாவது வருவேன்" என்கிறாள். எனக்கு உடம்பு சரியில்லை, துணைக்கு இரு என்று சொல்லிப் பார்த்தேன். "நீ வீட்டுல படு, நான் மட்டும் போயிட்டு வரேன்" என்றாள்.

உன்னால் முடிந்ததைச் செய்துவிட்டாய் என்று நம்புகிறேன். இன்னும் ஒன்று மட்டும் கேள். டாக்டர் கேட்கிற அந்த ஒரு கேள்வியை எடுத்துவிடச் சொல். நம் ஊரில் அந்த ஒரு நாளைக்கு மட்டும் எடுத்தால் போதும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றது எல்லாம் யார் வீட்டிலும் நடக்கும், அவள் கண்டுபிடிக்க மாட்டாள். அது அவள் காதால் கேட்டது.

முடியுமா முடியாதா என்று உடனே எழுது.

அக்கா

18 ஆகஸ்ட்

வாலு,

நீ பதில் எழுதவில்லை. எடுத்திருப்பாய் என்று நினைத்துத்தான் நானும் அம்மாவோடு வந்தேன்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நீ வந்து உன் இரண்டு வரியைச் சொன்னதும் அம்மா பக்கத்திலிருந்தவளை இடித்து, "அதான், அதான் என் பொண்ணு" என்றாள். பின் வரிசைக்கும் திரும்பிச் சொன்னாள். மாமனார் விழுந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் விழுந்தார் என்று அவளே அவர்களிடம் சொன்னாள். அதுவரைக்கும் ஒன்றும் தெரியாது அவளுக்கு.

அப்புறம் டாக்டர் கேட்டார். அந்த நெட்டைப் பெண், "அரை மணி நேரம்" என்றாள். அம்மா மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நாடகம் முடியும்வரை என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். உன்னைத் தேடிப் பின்பக்கம் வந்தேன். வேனில் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மா கேட்டாள்.

"எவ்வளவு நேரம்டி?"

"மூணரை மணி நேரம்மா."

"எங்க போனே?"

"சினிமாவுக்கு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "சினிமாவுக்குப் போனதை நான் தப்புன்னு சொல்லல. நாலு வருஷம் நீதான் பார்த்தே. நானா இருந்தா என்னிக்கோ ஓடியிருப்பேன். ஆனா டாக்டர் கேட்டப்ப நான் உன் பக்கத்துலதானே நின்னேன். நேரத்தைச் சொன்னாத்தான் எந்த மருந்துன்னு முடிவு பண்ண முடியும்னு அந்த மனுஷன் ரெண்டு தடவை சொன்னாரே" என்றாள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவர்கள் எந்த மருந்தைக் கொடுத்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

"சின்னவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியல."

மறுநாள் காலையில் மாமா வந்து அழைத்துக்கொண்டு போனார். அம்மா ஒரு பைதான் எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, சிலிண்டரை மூடச் சொன்னாள். இன்று மாமா வீட்டுக்குப் போனேன். அம்மா தூங்குகிறாள் என்று அத்தை வாசலிலேயே சொன்னாள். உள்ளே அம்மா இருமுகிற சத்தம் கேட்டது.

அக்கா

25 ஆகஸ்ட்

அக்கா,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் ஜூலைக் கடிதம் வந்த அன்றே படித்தேன். அந்தக் கேள்வியை எடுக்கச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவில்லை. மறுபடியும் தகராறு பண்ணுகிறாள் என்று அந்த இரண்டு வரியையும் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். இதை எப்படி மாற்றி எழுதினாலும் இவ்வளவுதான் வருகிறது.

மேடையிலிருந்து அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதனால்தான் வேனில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நேற்று பட்டறை முடிந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், உன்னைக் கூப்பிடத்தான் தைரியம் வரவில்லை. நெட்டையைக் குழுவில் எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ நல்லாக் கவனிக்கிற பொண்ணு. ஆனா மேடைக்குன்னு ஒண்ணு வேணும், அது உன்கிட்ட இன்னும் வரல" என்றார். கிளம்பும்போது நெட்டை என்னிடம் வந்து, "உங்க அக்காகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு" என்றாள். சொல்கிறேன் என்றேன். ஊர் ஊராக எத்தனையோ பேர் அந்தப் பாத்திரத்துக்காக அழுதார்கள் அக்கா. ஒருத்தர்கூட அவளைக் குறை சொல்லவில்லை. அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது, எந்த வாயால் சொல்வது என்று தெரியவில்லை.

முப்பதாம் தேதிக்குள் அறையைக் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வேறு போக்கிடம் இல்லை. வீட்டுக்கு வரட்டுமா? அம்மா காலைப் பிடித்து நான் கேட்கிறேன். நீ அடித்தாலும் பரவாயில்லை.

வாலு

9 செப்டம்பர்

வாலுவுக்கு,

உன் கடிதம் சுற்றிக்கொண்டு நேற்றுத்தான் கடைக்கு வந்தது. முப்பதாம் தேதி தாண்டிவிட்டது. எங்கே இருக்கிறாயோ, தெரியவில்லை. பட்டறை முகவரிக்கே அனுப்புகிறேன். உன் கைக்கு யாராவது சேர்ப்பார்கள்.

வீட்டைக் காலி பண்ணிவிட்டேன். உன் துணிமணி, சர்டிபிகேட் எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு மாமா வீட்டில் கொடுத்திருக்கிறேன். போய் வாங்கிக்கொள். அம்மா உன்னை உள்ளே விட்டாலும் விடுவாள், நீ சின்னவள். என்னைப் பற்றிப் பேச்சை எடுக்காதே. அவளுக்குக் கால் வீக்கம் குறையவில்லை என்று கேள்விப்பட்டேன். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்கச் சொல். அத்தைக்குத் தெரியாது.

நான் பெண்கள் விடுதி ஒன்றில் இருக்கிறேன். ஓர் அறைக்கு நாலு பேர். யாரும் எதுவும் கேட்பதில்லை. விலாசம் தரவில்லை, போன் நம்பரையும் மாற்றிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. உன் மேல் இருந்த கோபம்கூடத் தேய்ந்துவிட்டது. நீ முன்னால் வந்து நின்றால் பழையபடி உட்கார வைத்துச் சோறு போடுவேன், அது எனக்குத் தெரியும். பேச்சும் வரும். அதற்குத்தான் பயப்படுகிறேன்.

இந்த ஒரு மாதத்தில் எனக்கு என்னென்னவோ நடந்துவிட்டது. எழுத உட்கார்ந்தால் கை தானாக அங்கேதான் போகிறது. இதோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்னும் இரண்டு வரி எழுதினால் உன்னிடம் எதையாவது சொல்லிவிடுவேன்.

அக்கா