ஆறு மாதம் தள்ளிப்போட்ட பயணம்

அம்மா,

இந்த ஆஸ்பத்திரியில் வார்டைத் துடைக்கிறவர் வாளியில் டெட்டாலைத் தாராளமாக ஊற்றுகிறார். காலையில் உள்ளே நுழைந்ததும் உன் அறை வாசம். மலாவிக்கு வந்து இன்று இரண்டாம் நாள். ஸ்டோர் ரூமில் ஓடாத ஆக்சிஜன் மெஷின் பதினொன்று கிடக்கிறது. அவற்றைச் சரிசெய்யத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, தங்க இடமும் சாப்பாடும் உண்டு. இவ்வளவும் உனக்குத் தெரியும். நான் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை, அதுதான் பிரச்சினை.

என்னைத் தேர்ந்தெடுத்ததாகக் கடிதம் வந்த வாரம்தான் உனக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்கச் சொன்னார்கள். நுரையீரல் இறுகிக்கொண்டே போகும் நோய். அந்த வேலை கேன்சலாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொன்னேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வீட்டுப் பின்பக்கம் நின்று போனில் மலாவிக்காரர்களிடம் ஆறு மாதம் அவகாசம் கேட்டேனே, அதைக் கட்டிலில் கிடந்தபடியே கேட்டிருக்கிறாய்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் போதகர் ஜெபக்குறிப்புகளை வாசித்தார். சுகமில்லாதவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், பிறகு என் பேர். ஆப்பிரிக்காவுக்கு ஊழியத்துக்குப் போகும் நம் சபைப் பிள்ளையாம். பக்கத்து வீட்டுச் சித்தி கையில் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தாய். அதில் உன் சுகத்துக்காக ஒரு வரி இல்லை. ஊழியமெல்லாம் இல்லை, ரிப்பேர் வேலை என்று சர்ச் வாசலில் ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். அங்கே சோறு கிட்டுமா என்றார் ஒருவர். திங்கள்கிழமை முதல் காரோடு ஊருக்குப் போகிற பஸ்ஸில் எனக்குப் பேரே மாறிவிட்டது. "எலே ஆப்பிரிக்கா, இன்னும் போவல்லியா?"

அந்த ஞாயிறு வீட்டுக்கு வந்து உன்னிடம் கத்தினேன். நீ மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்திச் சொன்னாய்.

"சபையில வாசிச்சாச்சு மக்கா. இனி போவாம இருக்கப்பிடாது."

உன்னை இப்படி விட்டுவிட்டா என்றேன்.

"அந்த ஆறு மாசம் எனக்கு உள்ளதாக்கும், இல்லியா? நான் எப்பம் சாவேன்னு அவனுவகிட்ட கணக்கு சொல்லி வச்சிருக்கே."

நான் எழுந்து போய் மெஷின் ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். காலையில்தான் கழுவியிருந்தேன். அதன்பிறகு நாம் பேசியதெல்லாம் கஞ்சியும் மாத்திரையும்தான். அதற்கிடையில் சித்தியைப் பாலராமபுரத்துக்கு அனுப்பி எனக்கு இரண்டு தோர்த்து வாங்கி வைத்தாய். ஆப்பிரிக்காவில் தலை துவட்டத் துணி கிட்டாது என்று உனக்கு யார் சொன்னார்களோ.

ஐந்தாம் மாதம் நீ போய்விட்டாய். கல்லறைத் தோட்டத்திலேயே ஒருவர் என் தோளைத் தட்டி, "இனி உனக்குப் போவலாம் இல்லியா" என்றார். நல்ல மனுஷர்தான். அடிக்கக் கை வந்தது. நீ சொன்ன கணக்கு சரியாகிவிட்டது போல இருந்தது. வரவில்லை என்று மெயில் எழுதினேன், அனுப்பாமல் வைத்திருந்தேன்.

மறுவாரம் வாடகைக்கு எடுத்த மெஷினைத் திருப்பிக் கொடுக்க நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோனேன். எத்தனை மணிநேரம் ஓடியது என்று அதில் ஒரு மீட்டர் காட்டும். மூவாயிரத்துக்கு மேல். கடைக்காரர் இரண்டு தடவை பார்த்தார். கரண்ட் போனபோதும் இன்வெர்ட்டரில் ஓடியது, ஒருநாளும் நிற்கவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான், ஆனால் மெஷினை நிற்காமல் ஓடவைப்பது எனக்கு நன்றாகவே முடிகிறது. வீட்டுக்கு வந்து அந்த மெயிலை அழித்தேன்.

ஏன் இவ்வளவு தாமதம் என்று இன்று மேட்ரன் கேட்டார். அம்மாவுக்குச் சுகமில்லை என்றேன். அவருக்கு அது போதும். உனக்குப் போதாது.

புது மாத்திரையின் பலன் தெரிய ஆறு மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறு என்று கேட்டது அதனால்தான். நீ தேறிவிடுவாய், ஏர்போர்ட் வரை வந்து வழியெல்லாம் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். எனக்கு ரிப்போர்ட் படிக்கத் தெரியும். படித்த பிறகும் அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்கு ஃபில்டரை விட்டுவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை.