நாம் குறித்த நேரம்

கச்சிராயபாளையம்
14.9.2024

அன்பு மகன் இளஞ்செழியனுக்கு அப்பா எழுதுவது.

ராதிகா எழுந்து நடக்கிறாள். தையல் வலிக்கிறது என்றாலும் சாப்பாடு இறங்குகிறது. உன் குழந்தைக்கு நேற்று முதல் ஆக்சிஜனைக் குறைத்திருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள்.

பிறந்ததும் ஏன் மூச்சு வாங்கியது என்று போனில் கேட்டாய். தெரியவில்லை என்றேன். தெரியும். எதிரில் குரல் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன்.

திருநாவலூர் ஜோசியர் குழந்தை பிறக்க நாளும் நேரமும் குறித்த சீட்டை நீட்டியதும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "சுகப்பிரசவமே ஆவும்யா. தேதிக்கு இன்னும் பத்தொம்பது நாள் இருக்குது. ஆபரேஷன்தான்னாலும் ரெண்டு வாரம் பொறுங்க, நுரையீரல் தேறட்டும். பையன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுனு வாங்க" என்றார்.

வெளியே வந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நேரம் குறிக்கச் சொன்னவன் நீ. உன்னிடம் வேண்டாம் என்று சொல்லத் துணிவில்லை. உள்ளே போய், கேட்டுவிட்டேன் என்று பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். என் முகத்தைப் பார்த்து ராதிகாவும் போட்டாள்.

புள்ளியியல் அலுவலகத்தில் பிறப்பு அறிக்கைகளைத் தொகுத்தவன் நான். சமவெளி ஊர்களுக்கு 'அறுவை' கட்டத்தில் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறும். மலை ஊர்களுக்கு அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாக இருக்கும். மலையில் எல்லாரும் சுகமாகப் பெறுகிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

மூச்சு வாங்கியதால் குழந்தையை மாற்றிய அரசு மருத்துவமனையில், ராதிகாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் கல்வராயன் மலைப் பெண் குஞ்சம்மாள். ஆபரேஷனில் அவள் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. அவள் தாயார் என்னிடம், "வண்டி நிக்கிற எடத்துக்குத் தூக்கினு வரவே பொழுது போயிடுச்சி. முன்னாடியே அறுத்திருந்தா புள்ள தங்கியிருக்கும்னாங்க. உங்க பொண்ணுக்கு இன்னா கோளாறு சாமி, அவ்ளோ சீக்கிரமா அறுத்தாங்க?" என்று கேட்டார். கோளாறு ஒன்றும் இருக்கவில்லை, இளஞ்செழியா.

ஜாதகம் எழுத நேரம் கேட்டிருந்தாய். காலை 9.24. ஆனால் அது நாம் குறித்தது, அவள் வந்த நேரம் அல்ல. எழுதத்தான் வேண்டுமா? எனக்குத் தெளிவில்லை. நீயே யோசி.

டாக்டர் சொன்னது ராதிகாவுக்கு இன்னும் தெரியாது. இது உன் கைக்கு வருவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். சொன்னேனா என்று போனில் கேள். நீ கேட்காவிட்டால் தள்ளிப்போட்டுவிடுவேன்.

அங்கே நீ நலமாயிரு. உன் மகள் நன்றாக மூச்சு விடட்டும்.

உன் அப்பா,
ராஜாங்கம்