தூக்கிக் குடிக்கும் தண்ணீர்

திருவனந்தபுரம்,
செவ்வாய் இரவு

மதிப்புக்குரிய பத்மஜா அக்காவுக்கு,

வணக்கம். உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கள் அப்பா நாகேஸ்வரன் இருக்கும் முதியோர் இல்லத்தில் என் அம்மா ஆயா வேலை செய்கிறாள். துணி துவைக்கும் இடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் நாங்கள் இருக்கிறோம். நான் ஒன்பதாவது படிக்கிறேன். நீங்கள் சென்னையிலிருந்து அனுப்பிய பிஸ்கட் பார்சலில் இருந்த விலாசத்தைக் கிழித்து வைத்திருந்தேன். அம்மா இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்துவிட்டு, கால்கூடக் கழுவாமல் தூங்குகிறாள். விழித்தால் எனக்கு அடிதான்.

அப்பா எதுவும் குடிப்பதில்லை என்று நர்ஸ் ரெம்யா சேச்சி உங்களுக்குப் போன் செய்தாராம். திங்கட்கிழமை டாக்டர் வந்து மூக்கில் டியூப் போடுவார், நீங்களும் சரி சொல்லிவிட்டீர்கள் என்று அம்மா சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் படிப்பு ஓடவில்லை.

தாத்தா தண்ணீர் வேண்டாம் என்று சொல்லவில்லை அக்கா. அவருடைய செம்பைத்தான் கேட்கிறார். கை நடுங்கி அடிக்கடி படுக்கை நனைந்ததால் அதை ஆபீஸ் அலமாரியில் வைத்துவிட்டார்கள். இங்கே எல்லாருக்கும் மூக்கு வைத்த பிளாஸ்டிக் கப்தான். வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். எல்லாக் கப்பையும் ஒரே வாளியில் கழுவுவதை அவர் பார்த்திருக்கிறார். அதை நீட்டினால், "எச்சில் பண்ணிக் குடிக்கறதாவது, தூக்கிக் குடிச்சே பழக்கம்" என்று முணுமுணுத்து வாயை மூடிக்கொள்கிறார். மற்ற எத்தனையோ மறந்துவிட்டது, இது மறக்கவில்லை. சேச்சியோ அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு, "சாமிக்கு பயங்கர வாசியாணு, பிடிச்ச பிடி விடில்லா" என்கிறார்.

போன வாரம் அம்மாவுக்கு உதவியாக மாடிக்குப் போனபோது, அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, டம்ளரை உயர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். முழுவதும் குடித்தார். எந்தத் தெருப் பெண் என்று விசாரித்தார். எங்களுக்குத் தெருவெல்லாம் இல்லை, நாகர்கோவில் பக்கம் என்றேன். "போனாப் போறது, ஊத்து" என்று சிரித்தார். பிறகு கஞ்சியும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் ஊற்றும்போது புரை ஏறிவிட்டது. கண்ணெல்லாம் சிவந்து அப்படி இருமினார். ஓடி வந்த சேச்சி, "எதாவது பற்றினா யாரு சமாதானம் பறயும்?" என்று கத்தினார். ஏதாவது ஆகிவிட்டால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும். நான் மாடிப்படி ஏறினால் அம்மாவுக்கு வேலை இருக்காது என்றார். சேச்சியைக் குறை சொல்ல முடியாது. மாடி முழுவதுக்கும் அம்மாவும் அவரும்தான். ஒவ்வொருவரையும் உட்கார வைத்து ஊற்றிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.

ஆனால் பக்கத்துக் கட்டில் பட்டாபி தாத்தாவுக்கு டியூப் போட்ட பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். முன்பெல்லாம் பேப்பரைச் சத்தமாகப் படித்து உங்கள் அப்பாவோடு சண்டை போடுவார். டியூபைப் பிடுங்குகிறார் என்று இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். இப்போது மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.

அக்கா, திங்கட்கிழமைக்கு முன்னால் போன் செய்யுங்கள். அப்பாவுக்குத் தூக்கிக் குடித்துத்தான் பழக்கம் என்று உங்களுக்கே ஞாபகம் வந்ததுபோல் சொல்லுங்கள். எப்படி உட்கார வைத்து, எவ்வளவு கொடுத்தால் புரை ஏறாது என்று டாக்டரையே சேச்சிக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். வர முடிந்தால் இன்னும் நல்லது. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். இந்த வேலை போனால் எங்களுக்கு இந்த அறையும் இல்லை.

இன்று சாயங்காலம் நான் முற்றத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தாத்தா மாடி ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்து, கையைத் தூக்கி வாய்க்கு மேலே கவிழ்த்துக் காட்டினார். நான் பாடம் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன். கையைக் கட்டிவிட்டால் அதையும் அவரால் காட்ட முடியாது அக்கா.

உங்கள் போனுக்குக் காத்திருக்கும்,
பெயர் எழுதப் பயப்படும் பெண்