எங்கள் வரிசையில் ஒரேயொரு கை

செவ்வாய், மார்கழி 9

குடியுரிமை கிடைத்தபின் இன்றுதான் என் முதல் ஊர்ச்சபைக் கூட்டம். ஊரில் இனிப் புது மாடிவீடுகள் வேண்டாம் என்று தீர்மானம். வீடு கட்ட அனுமதிக்கச் சொல்லிக் கன்ரோன் சட்டம், அதாவது மாநிலச் சட்டம், இருக்கிறது என்றார் தலைவர். யார் கேட்டார்கள்?

எல்லோரும் பார்க்கக் கையுயர்த்தித்தான் வாக்கு. பக்கத்துவீட்டு ரூத் தீர்மானத்தை ஆதரித்துக் கையுயர்த்தினாள்.

"பேசாம இரும். உம்மட குடியுரிமைக்குச் சிபாரிசுக் கடிதம் தந்தவ அவதான்," என்று என் கணவர் கிசுகிசுத்தார்.

இங்கேயே பிறந்த என் மகள் கலியாணம் கட்டி ஒரு வருடமாக இந்த ஊரில் வீடு தேடுகிறாள். எதிர்ப்பவர்கள் என்றதும் கையைத் தூக்கினேன். எண்ணி முடியும்வரை இறக்கவில்லை.

தோற்றோம். ரூத் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

"இனி அவவின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?" என்றார் இவர்.

"கடிதத்தில அவ என்ன எழுதினவ? ஊர் விசயத்தில அக்கறை உள்ள ஆள் எண்டுதானே? ஓம், உள்ள ஆள்தான்."